கேட்டதற்கு மறுமொழி

எங்கள் பேரூராட்சியில் தெருக் கூட்டுவதற்கு ஒப்பந்தத்தில் வந்த பெண்களுள் அவர் ஒருவரிடம் மட்டும் மேஸ்திரி அளந்து பேசுவார். துப்புரவு வேலையைப் பகிர்ந்து கொடுப்பவர் அந்த மேஸ்திரி. குரல் சந்தைக் கோடி வரை கேட்கும். அப்படிப்பட்டவர் எதனால் அடங்கிப்போனார் என்பதை நான் நேரில் கண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் காலை, வருகைப் பதிவேட்டுடன் அமர்ந்திருந்த மேசையருகிலேயே அது நடந்தது.

"நேத்து வேலைக்கு வந்தியா?"

"வந்தனுங்க."

"கோயில் தெரு கூட்டினியா?"

"இல்லீங்க."

"வந்துட்டு ஏன் கூட்டல?"

"வெளக்கமாறு இல்லீங்க. ரூமு பூட்டியிருந்துது."

"அத்த ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க நேத்து கேக்கலீங்களே. சாவிய எடுத்துக்கிட்டு பாலக்கோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டீங்க."

வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டனர். அவர் சிரிக்கவில்லை. கேட்டதற்குச் சொன்னோம் என்ற அளவில் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும்; ஒல்லியான உடம்பு; சேலைக்கு மேல் போட்ட பச்சை மேல்சட்டையின் பொத்தான்களைக் கழுத்து வரை பூட்டியிருப்பார்.

நான் தமிழ் முதுகலை படித்தவள். தேர்வெழுதி இளநிலை உதவியாளராக அங்கே வந்தவள். பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. அதனுடன், அலுவலகத்திலிருந்து வெளியே போகும் எந்தத் தாளும் பிழை திருத்தத்திற்கு என் மேசைக்கு வரும். ஆகவே அவருடைய பேச்சில் எனக்கு ஓர் இலக்கண மாணவியின் ஆர்வம் ஏற்பட்டது. இலக்கணம் விடையை எட்டாகப் பகுக்கிறது. அவரிடம் இருந்தவை இரண்டு அல்லது மூன்றுதான். ஆம் என்றால் ஆம். இல்லை என்றால் இல்லை. இடம் கேட்டால் சுட்டிக் காட்டுவார். இனமொழி விடை என்று ஒன்றுண்டு. பயறு இருக்கிறதா என்று கேட்டால், உளுந்து இருக்கிறது என்று சொல்வது. கேளாததையும் சேர்த்துத் தரும் அந்தப் பெருந்தன்மையான விடையை அவர் ஒருபோதும் தந்ததில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் தெருவில் அவரை நிறுத்தி, குப்பையில் மோதிரம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டிருக்கிறார். இல்லீங்க என்று இவர் சொல்லியிருக்கிறார். மறுநாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"இந்த மனுசனுக்கு மோதிரம் எது, மெட்டி எதுன்னு தெரியாது. எம் மெட்டிதாம்மா காணம். பாத்தியா?"

இவர் இடுப்புச் செருகலிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். வெள்ளி மெட்டி இருந்தது.

"கெடச்சிதுங்க."

"அடப்பாவி, நேத்தே குடுக்கறதுக்கு என்னா?"

"நேத்து அண்ணன் மோதிரம்னாருங்க."

அந்த அம்மாள் போன பிறகு நான் கேட்டேன். மெட்டி கிடைத்தது என்று கடைக்காரரிடம் அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் முடிச்சுத் துணியை மடித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

"கேக்காததப் போயி நாமளா சொன்னா, எடுத்தவளே நீதாண்டின்னு சொல்லிடுவாங்க மேடம். முன்ன ஒருக்கா கொலுசுக்கு அப்பிடித்தான் ஆச்சு. ஸ்டேசன்ல ஒரு பகலு குந்த வெச்சாங்க. அதுலருந்து கேட்டா சொல்லுவன். கேக்கலன்னா வாயத் தொறக்க மாட்டன்."

ஊரின் குப்பை முழுவதும் அவர் கையில் புரண்டது. எந்த வீட்டில் சர்க்கரை நோய்க்கு ஊசி, எந்த வீட்டில் மதுப்புட்டி, எந்த வீட்டில் கருத்தடை மாத்திரை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. ஒரு சொல் வெளியே வந்ததில்லை. பொய்யும் வந்ததில்லை. அவருடைய இல்லையை நம்பி நான் எத்தனையோ குறிப்புகள் எழுதியிருக்கிறேன். எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த ஒன்றைத் தவிர.

நறுமணமூட்டிய புகையிலைத் தூளுக்கு மாநிலத்தில் தடை முன்பே இருந்தது. ஆனால் கர்நாடக எல்லை பேருந்தேறினால் எட்டும் தொலைவு. பெட்டிக்கடைகளின் முகப்பில் அந்த மின்னும் உறைகள் சரம்சரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஓராண்டு மேலிடத்திலிருந்து எதனாலோ முடுக்கிவிட்டார்கள். கடைகளில் சோதனை நடந்தது. இரண்டு கடைகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. சரங்கள் மறைந்தன. புதினா மணமிட்ட சிகரெட்டைக்கூடக் கடைக்காரர்கள் பயந்து உள்ளே எடுத்து வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து, தடையால் மக்கள் உடல்நலத்தில் விளைந்த மாற்றத்தை வீடுவீடாகக் கேட்டு அறிக்கை அனுப்பும்படி ஆணை வந்தது.

செயல் அலுவலர் காலையில் தெரு பார்க்கப் போனபோது நானும் உடன் போயிருந்தேன். தெருக் கூட்டுவதிலிருந்து சாக்கடை வேலைக்கு மாற்றப்பட்டிருந்த அந்தப் பெண் மண்வாரியுடன் நின்றிருந்தார். கால்வாய்ச் சேற்றை அள்ளி மேலே போடும் நாள் அது. மூக்கைப் பொத்தாமல் அந்தப் பக்கம் நடக்க முடியாது.

"ஏம்மா, தெருவுல பாக்குப் பொட்டலம் கெடக்கறது கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்குங்க."

"நல்லாக் கொறஞ்சிருக்கா?"

"நல்லாவே கொறஞ்சிருக்குங்க."

செயல் அலுவலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். பொட்டலத்துக்குப் பதிலாக இப்போது என்ன வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வினாப்படிவத்தின் முதல் வரைவை எழுதியவர் சுகாதாரச் செவிலியர். ஊர் ஊராக நடந்து பழகியவர். எழுத்துப் பிழைக்கு அஞ்சாதவர். அவருடைய வரைவில் இரண்டாம் வினா இப்படி இருந்தது: "பாக்கு, தூளு, வாசன, பொகையில ஏதாவது வாயில போடுவீங்களா?" நான் சிவப்பு மையால் அந்த வரி முழுவதையும் அடித்தேன். வாசனையை எப்படி வாயில் போட முடியும் என்று கேட்டேன்.

"எங்கூருல அப்பிடித்தான் மேடம் சொல்லுவாங்க," என்றார் செவிலியர்.

"அரசுப் படிவம்ங்க இது. நாலு ஊருக்கும் போகணும்."

"எழுதறது நீங்க. கேக்கறது நாங்கதான?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சிரிப்பில் சற்றுக் குத்தல் இருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் எழுதினேன்: "தங்களுக்குப் புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா?" எண்ணிப் பார்த்தால் ஐந்தே சொல். எழுவாய், செயப்படுபொருள், வினா எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. அச்சடித்து வந்த படிவத்தைப் பார்த்தபோது எனக்கு நிறைவாகவே இருந்தது.

துப்புரவுப் பணியாளர் குடியிருப்புக்கு ஆள் போதாமல் நானே போனேன். வாசலில் அவர் நெகிழிக் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீருக்குக் காத்திருந்தார். வேலை முடிந்து குளித்து, தலை ஈரம் காயாமல் இருந்தது. அவருடைய கணவர் புளிமண்டியில் மூட்டை தூக்குபவர். கட்டிலில் படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"தங்களுக்குப் புகையிலை மெல்லும் பழக்கம் உண்டா?" என்று அச்சில் உள்ளபடியே அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பொகையிலயா?" அவர் முகம் சுளித்தார். "இல்லீங்க மேடம். எங்க மாமனாருதான் பொகையில போடுவாரு. பக்கத்துல போனா கொமட்டும். எனக்கு அந்த நாத்தமே ஆவாது."

"வாயில் புண் உண்டா?"

"இல்லீங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

அவர் பேசியபோது ரோசாவும் புதினாவும் கலந்தாற்போல ஒரு மணம் வந்தது. ஏதோ மிட்டாய் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். சேற்றில் நிற்பவர், வாய்க்கு இதமாக ஏதோ வைத்துக்கொள்கிறார் என்று நினைத்து இரக்கப்பட்டதும் நினைவிருக்கிறது. இரண்டு வினாக்களுக்கும் எதிரே இல்லை என்று எழுதினேன்.

அந்தத் தெருவில் அன்று நான் கேட்ட அத்தனை வீட்டிலும் இல்லைதான். அறிக்கையை நானே எழுதினேன். தடையின் பயன் கண்கூடு என்று தொடங்கினேன். "துப்புரவுப் பணியாளர் ஒருவரின் வாய்மொழியும் இதற்குச் சான்று" என்று ஒரு வரி சேர்த்தேன். மாவட்டத் தலைநகரில் அதைப் படித்த மேலதிகாரி, இவ்வளவு நல்ல தமிழில் ஓர் அறிக்கை வந்ததே இல்லை என்று தொலைபேசியில் சொன்னதாகச் செயல் அலுவலர் என்னிடம் வந்து சொன்னார்.

நண்பகலில் துப்புரவுப் பெண்கள் அலுவலகத்துப் புங்க மரத்தடியில் உண்பார்கள். கேழ்வரகுக் களி உருண்டையை விண்டு, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது அங்குள்ள முறை. அவர் விழுங்கும் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த ஆண்டு கோடை முடிவில், களியை அவர் பட்டாணியளவாகக் கிள்ளிக் கிள்ளி உள்ளே வைப்பதைக் கண்டேன். குழம்பைத் தொடவில்லை, மோரில் கரைத்திருந்தார்.

"புது மருமவ மாதிரி கொறிக்கிறியே அக்கா, யாரு பாக்கறாங்கன்னு இந்த அலங்காரம்?" என்றாள் ஒருத்தி.

"நீதான் பாக்கற," என்றார் அவர். சொற்கள் பற்களுக்கிடையில் நசுங்கி வந்தன.

"ஏம்மா இப்படிச் சாப்பிடறீங்க?" என்று நான் கேட்டேன்.

"இப்பிடித்தான் போவுதுங்க மேடம்."

கேட்டதற்குச் சரியான மறுமொழி. ஏன் அப்படிப் போகிறது என்று அடுத்த வினாவை நான் கேட்டிருக்க வேண்டும். மேசையில் கோப்பு இருந்தது, போய்விட்டேன்.

மழைக்காலத்தில் பணியாளர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, செவிலியர் ஒவ்வொருவரையும் வாய் திறக்கச் சொல்லி, அவரவர் விரல் மூன்றை நிமிர்த்திச் சேர்த்துப் பற்களுக்கிடையில் நுழைக்கச் சொன்னார். நான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் முறை வந்தது. ஒரு விரல் போயிற்று. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது. அவர் மறுபடியும் முயன்றார். கண்ணில் நீர் வந்ததே தவிர விரல் போகவில்லை. செவிலியர் சிறு விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். செவிலியர் முகத்தில் அதுவரை இருந்த கலகலப்பு நின்றுவிட்டது.

"என்னாக்கா போடற?"

"பாக்கு."

"எந்தப் பாக்கு?"

"வாசனப் பாக்கு."

"எத்தினி வருசமா?"

"சாக்கட வேலைக்கு மாத்துனாங்களே, அதுலருந்து."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "அன்று வீட்டுக்கு வந்து கேட்டபோது இல்லை என்று சொன்னீர்களே அம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்ற உணர்வோ கோபமோ இல்லை. ஒரு வியப்பு மட்டும் இருந்தது.

"நீங்க பொகையிலன்னு கேட்டீங்க மேடம். பாக்குன்னு கேக்கல."

இடுப்புச் செருகலிலிருந்து ஒரு மடிப்பை எடுத்துச் செவிலியரிடம் நீட்டினார். பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில் மடித்தது. சோதனைக்கு அஞ்சிய கடைக்காரர்கள் உறைகளைக் கிழித்து எறிந்துவிட்டு, பாக்குத் தூளையும் புகையிலைத் தூளையும் கலந்து, வெள்ளைத் தாளில் கட்டிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். உறையோடு, அதிலிருந்த அழுகிய கன்னத்தின் படமும் எச்சரிக்கையும் போயின. தாள் தெருவில் தாளோடு தாளாகக் கிடந்தது. பொட்டலம் குறைந்ததா என்று கேட்டோம். குறைந்துதான் இருந்தது.

செவிலியர் மடிப்பைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, கருநிறத் துணுக்குகளை விரல்நுனியால் ஒதுக்கிக் காட்டினார்.

"இது என்னான்னு தெரியுமாக்கா? இதாங்கக்கா பொகையில."

அவர் குனிந்து முகர்ந்தார்.

"பொகையிலன்னா நாறுமே. இது வாசன அடிக்கிதே?"

"அதுக்குத்தான வாசன போடறாங்க," என்றார் செவிலியர். பிறகு என் பக்கம் ஒருமுறை திரும்பினார். என் சிவப்பு மையை அவர் மறந்திருக்க மாட்டார்.

தருமபுரிப் பெரியாஸ்பத்திரியில் கன்னத்துத் தசையைக் கிள்ளிச் சோதனைக்கு எடுத்தார்கள். வாய் இறுகிப்போனது ஒருபுறம் இருக்க, இடக் கன்னத்தின் உட்புறத்தில் வலியே இல்லாமல் வெளுத்துக் கிடந்த இடம் புற்றாகியிருந்தது. வலியில்லாததால் அது அவருக்குப் புண்ணாகத் தோன்றவில்லை. அந்த வினாவிலும் அவர் பொய் சொல்லவில்லை.

நான் அறிக்கைக்கு ஒரு திருத்தம் எழுதிக்கொண்டு செயல் அலுவலரிடம் போனேன். வினா தவறு, ஆகவே விடைகளும் தவறு, பாக்கு என்ற சொல்லால் மீண்டும் வீடுவீடாகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் படித்தார். கெட்டவர் அல்லர், இரண்டாம் முறையும் படித்தார்.

"அது போயி வருசமாவப் போவுது மேடம். மேல ஏத்துக்கிட்டாங்க. நல்ல பேரும் வந்துடுச்சு. இப்பப் போயி நாமளே தப்புன்னா, யாரு தலையில விடியும்? உங்க தலையிலதான்."

"விடியட்டுங்க சார்."

"வெச்சிட்டுப் போங்க. பாக்கறன்."

தாளை இழுப்பறையில் வைத்தார். அது வெளியே வந்ததாக எனக்குத் தெரியாது. குடியிருப்பில் மட்டும் செவிலியரும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தோம். இம்முறை செவிலியரின் பழைய வினாவைத்தான் கேட்டோம். ஒரு வீட்டில் இல்லை என்றார்கள். அடுத்த வீட்டில் தாள் மடிப்பை எடுத்துக் காட்டினார்கள். அதற்கடுத்த வீட்டிலும். எத்தனை வீடு என்று இங்கே எழுதப் போவதில்லை.

அறுவை முடிந்து அந்தப் பெண் வீடு திரும்பியிருந்தபோது பார்க்கப் போனேன். தாடையின் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். முகத்தின் இடப்புறம் உள்வாங்கி, கழுத்து வரை கட்டு இருந்தது. பேச்சு இல்லை. ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் போட்டுவிட்டார் என்றும், பச்சை மேல்சட்டையைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள் என்றும் கணவர் சொன்னார். ஆணியில் அது தொங்கியிருந்த இடத்தில் சுவர் சற்று வெளுத்திருந்தது.

என்ன கேட்பதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

நான் பதறிக் கணவரைப் பார்த்தேன். "இப்பத்தான மேடம் குடுத்தன். ஒரு தம்ளரு கஞ்சி குடிச்சா," என்றார், என்னைவிடப் பதறி.

அவர் கையை உயர்த்தி எங்கள் இருவரையும் நிறுத்தினார். பெருவிரலை வாய்க்கருகே சாய்த்துக் காட்டினார். சாப்பிடவில்லை, குடித்தேன். ஒன்றைக் கேட்டால் அதன் இனத்தையும் சேர்த்துச் சொல்லும் விடையை அவர் எனக்குத் தந்தது அந்த ஒருமுறைதான். சொல்லிவிட்டுக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

தை பிறந்து சில நாளில் அவர் இறந்தார்.

பதிவுக்காக அவருடைய கணவர் என் மேசைக்கு வந்தார். இறப்பு அறிக்கைப் படிவத்தின் இறுதிப் பகுதியில் இறந்தவரின் பழக்கங்களைக் கேட்கும் வரிகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாக அந்தப் படிவத்தை நிரப்பி வருகிறேன். ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை மெல்லும் பழக்கம் எத்தனை ஆண்டு என்று ஒரு வரி. பாக்கு மெல்லும் பழக்கம் எத்தனை ஆண்டு என்று தனியே இன்னொரு வரி. இறந்தவர்களைப் பற்றிக் கேட்பதற்கு வேண்டிய சொற்கள் என் மேசையிலேயே அச்சாகிக் கிடந்தன. உயிரோடிருந்தவர்களிடம் கேட்பதற்கு நான் எழுதிய வினாவில் அந்த இரண்டாவது வரி இல்லை.

"பொகையில போடுவாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மேடம். அவ பொகையில போட மாட்டா."

"பாக்கு?"

"அது போடுவாங்க. ஆறு வருசம் இருக்கும். ஏழு இருக்கும்."

பாக்கு என்ற வரிக்கு எதிரே ஏழு என்று எழுதினேன். பிறகு எழுதுகோலை மேல்வரிக்கு நகர்த்தி, புகையிலைக்கு எதிரேயும் ஏழு என்று எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். மேசைமேல் குனிந்து பார்த்தார்.

"அங்க எதுக்குங்க மேடம் போடறீங்க? அதான் இல்லன்னு சொன்னனே."

"அந்தப் பாக்குல பொகையில இருந்துதுங்க."

அவர் நிமிர்ந்தார். புளிமண்டித் தூசி படிந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்து, உதறாமல், மீண்டும் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"அவளுக்கு அது தெரியாதுங்க மேடம். தெரிஞ்சிருந்தா, நீங்க வூட்டுக்கு வந்து கேட்டீங்களே, அன்னிக்கே சொல்லியிருப்பா. கேட்டா சொல்லிடுவா அவ."

"ஆமாங்க," என்றேன்.

கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.